மென்பொருட் பணியின் முதல் ஆண்டு

நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவரை நோக்கி, "நீவிர் யாது தொழில் புரியக் கருதுகின்றீர்?" என வினவின், முன்னாளில் இரண்டு விடைகளே வரும். ஒன்று வைத்தியம், மற்றது பொறியியல். பொறியியல் எனின் பாலம், வீதி, நீர்ப்பாசனம், மின்சாரம் என்பனவே பொருள். இன்று மூன்றாவது விடையொன்று முன்வரிசைக்கு வந்துவிட்டது. மென்பொருட் பொறியியலாளர் என்பதே அது. அரசாங்க எழுதுவினைஞர் பதவியே குடும்பத்துக்கு விளக்கென்று எண்ணிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று கணினித்திரையின் முன் அமர்ந்து உத்தியோகம் பார்க்கின்றனர். கல்யாணத் தரகர் வாயிலும் "பெடியன் சொவ்ற்வெயர்" என்னுந் தொடர் நன்கு பழகிவிட்டது. அத்தொடரைக் கேட்டதும் பெண்வீட்டார் மேலும் வினாவுவது சம்பளத்தைப் பற்றியும் வெளிநாட்டைப் பற்றியுமே. அப்பெடியன் காலைமுதல் மாலைவரை யாது செய்கின்றான் என்று வினாவுவாரை யாம் இன்னுங் கண்டிலேம்.

தமிழாசிரியர் ஒருவர்க்கு இப்பொருளிற் புக யாது உரிமை என அன்பர் சிலர் முறுவலிக்கவுங் கூடும். உரிமை சிறிதுண்டு. எம்மிடம் தமிழ் பயின்றோர் பலர் மொறட்டுவை, கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிற் கணினியியல் கற்றுக் கொழும்பில் உத்தியோகம் ஏற்றுள்ளனர். தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊர் வரும்போது எம்மைக் கண்டு அளவளாவிச் செல்வர். அவர்தம் பேச்சைப் பல்லாண்டு செவிமடுத்தபின் எமக்கு ஒன்று தெளிவாயிற்று. அத்தொழிலின் முதல் ஆண்டில் ஓர் இளைஞன் நிலைபெறுவதும் நிலைகுலைவதும் அவன் எத்தனை கணினி மொழிகளைக் கற்றுள்ளான் என்பதைப் பொறுத்தனவல்ல. பிறர் எழுதியதை வாசிக்கும் ஆற்றலையும், அறியாததை வினாவும் துணிவையுமே பொறுத்தன. இவ்விரண்டும் எம் பாடத்தின் எல்லைக்குள் அடங்குவன. ஆதலின் பேசத் துணிந்தேம்.

பல்கலைக்கழகத்தில் மாணவன் எழுதுஞ் செய்நிரல் பெரும்பாலும் வெற்றுத்தாளிலே தொடங்குவது. வினாவைத் தருபவர் விரிவுரையாளர். விடையின் எல்லையை வகுப்பவரும் அவரே. சில நூறு வரி எழுதிப் புள்ளி பெற்றதும் அதனை மறந்துவிடலாம். தொழிலகத்தின் நிலை வேறு. அங்கே அவன்முன் வைக்கப்படுவது பல இலட்சம் வரிகொண்ட பழைய ஆக்கமொன்று. பத்தாண்டின் முன் அதனை எழுதியோருட் சிலர் ஒஸ்ரேலியாவில் இருப்பர். சிலர் கனடாவில் இருப்பர். ஒருவரேனும் அடுத்த மேசையில் இரார். "இப்படிவத்தில் திகதி பிழையாகத் தோன்றுகின்றது, திருத்துக" என்பதுபோன்ற சிறு பணியொன்று அவனுக்கு ஒதுக்கப்படும். திருத்தவேண்டியது ஒரேயொரு வரியாகவும் இருக்கலாம். அவ்வரி எங்குளது என்று கண்டறிவதற்கே மூன்று நாள் செல்லும்.

"சேர், மூண்டு கிழமையா ஒரு வரியும் எழுதேல்லை, வாசிச்சுக்கொண்டே இருக்கிறன். என்னை நிப்பாட்டிப் போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு" என்று ஒருவன் தொலைபேசியில் எம்மிடங் கூறினான். வாசித்துக்கொண்டிருத்தலே அப்போது அவனுக்குரிய வேலை என்பதை அவனுக்கு ஒருவருஞ் சொல்லியிருக்கவில்லை.

மென்பொருட் பொறியியல் என்னும் பெயர் உலகிற் பரவியது, 1968ஆம் ஆண்டில் ஜேர்மனி நாட்டின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவிற் கூடிய மாநாட்டின் பின்னராகும். செய்நிரல்கள் ஒருவர் மனத்துள் அடங்காத அளவுக்குப் பெருகிவிட்டன. காலந்தாழ்ந்தும் பிழைமலிந்தும் வரலாயின. அக்கவலையே அறிஞரை அங்குக் கூட்டியது. ஒருவர் மனத்துள் அடங்குவதொன்றாயின் கைவன்மை போதும். பொறியியல் என்னும் பெரிய பெயர் வேண்டா. பலர் கூடி, பல்லாண்டாக, ஒருவர் எழுதியதன்மேல் மற்றொருவர் எழுதிச்செல்லும் பணியாதலின், எழுதுமுன் வாசித்தல் இத்தொழிலின் இயல்பாயிற்று.

நம் நாட்டிலேயே இதற்குப் பெருமிதந் தருஞ் சான்றுகள் உள. கொழும்பை அடுத்த மாலபேயில் மிலேனியம் ஐரி என்னும் நிறுவனம் பங்கு வியாபாரத்துக்கான மென்பொருளை ஆக்கிற்று. இலண்டன் பங்குச் சந்தை 2009ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, 2011 பெப்ருவரியில் தன் பிரதான பங்கு வியாபாரத்தை அம்மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டது. நொடிக்குள் ஆயிரக்கணக்கான கட்டளைகள் வந்து குவியும் அத்தகைய ஆக்கமொன்றில், நேற்று வந்த இளைஞன் விரைந்து கைவைத்தல் தகுமோ? இனி, 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, இந்நாட்டு மென்பொருளாளர் தொண்டராய் இணைந்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து பேணுதற்குச் சகானா என்னும் மென்பொருளை ஆக்கினர். அது யாவரும் எடுத்து வாசிக்கத் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் பயன்பட்டது. முன்பின் அறியாதார் அவசரத்தில் எழுதியதை வாசித்து விளங்காமல், வேற்றுநாட்டார் அதனைத் தம் நாட்டுக்குப் பொருத்திக்கொள்ளல் இயலுமோ? சகானாவைப் பற்றி ஈற்றில் மீண்டுஞ் சிறிது கூறுவேம்.

பழைய ஆக்கத்தை ஆராயாது எடுத்தாள்வதனால் விளைந்த கேட்டுக்கும் உலகறிந்த சான்றுண்டு. 1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி, தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஐரோப்பியரின் ஏரியான் 5 என்னும் றொக்கற் முதன்முறையாக ஏவப்பட்டது. நாற்பது வினாடி அளவில் அது வானிற் சிதறிப்போயிற்று. அதன் திசையறி கருவியின் செய்நிரல் முன்னையதாகிய ஏரியான் 4இலிருந்து எடுக்கப்பட்டது. அதிலே 64 பிற்று அளவுள்ள ஓர் எண்ணை 16 பிற்று அளவுக்குள் அடக்கும் இடமொன்று இருந்தது. அத்துணைச் சிறிய கலத்துள் 32,767 என்னும் எண்ணுக்கு மேல் அடங்காது. பழைய றொக்கற் செல்லும் வேகத்துக்கு அவ்வெல்லை போதுமானதாயிருந்தது, புதியது அதனினும் விரைந்து சென்றமையால் எண் எல்லை கடந்தது, கருவி நின்றது. துணைக்கருவியும் அதே செய்நிரலைக் கொண்டிருந்தமையின் அதுவும் நின்றது. இதனினும் இரங்கத்தக்கது யாதெனின், அவ்வரி அடங்கிய பகுதி, புதிய றொக்கற் நிலத்தைவிட்டுக் கிளம்பியபின் அதற்கு யாதொரு பயனுந் தராத பகுதி என்பதே. முன்னோர் எழுதியது நன்கு ஓடியது. ஆகவே இங்கும் ஓடும் என்று இருந்துவிட்டனர்.

விளங்காததை அப்படியே எடுத்தாளல் ஒரு குற்றமெனின், விளங்காததைத் திருத்தப் புகுதல் மற்றொரு குற்றம். இளைஞரிடத்தே மிகுதியுங் காணப்படுவது இரண்டாவது என்ப. "சேர், அந்தக் கோட் சரியான குப்பை" என்பதுதான் முதல் மாதத்தில் எம்மிடம் வருவோர் பலர் வாயிற் பிறக்கும் முதல் வாக்கியம். ஆறு மாதங் கழித்து வருவோர் அவ்வாறு கூறுவதில்லை. "அதை ஏன் அப்படி எழுதினவை எண்டு இப்பதான் விளங்குது" என்பர்.

நம் முன்னோர் ஒருவரை ஈண்டு நினைதல் பொருந்தும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். அவர்கள் கையிற் கிடைத்த ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலுக்கும் ரகரத்துக்கும் பேதம் விளங்காது. செல் அரித்த இடங்கள் வேறு. அத்தகைய ஏடுகளைப் பிரதியொடு பிரதி ஒப்புநோக்குபவர்க்கு ஒரு சோதனை எப்போதும் உண்டு. விளங்காத சொல்லைக் கண்டவுடன், தமக்கு விளங்கும் வேறொரு சொல்லை அவ்விடத்தில் வைத்துவிடலாமே என்னும் ஆசையே அது. நல்ல பதிப்பாசிரியர் அவ்வாசைக்கு இடங்கொடார். பாடபேதங்களைக் குறித்துவைப்பர், காரணங் காணும்வரை மூலத்திற் கைவையார்.

இக்காலத்து மென்பொருளாளர்க்குப் பாடபேதங்களைக் குறித்துவைக்குங் கருவியொன்று வாய்த்துள்ளது. லினஸ் ரோவால்ட்ஸ் என்பார் 2005ஆம் ஆண்டில் ஆக்கிய கிற் என்பது அது. எவ்வரியை யார், என்று, என்ன குறிப்புடன் மாற்றினார் என்பதை அது முற்றாகப் பேணுகின்றது. ஒரு விநோதமான வரியைக் கண்டு நகைக்குமுன் அதன் வரலாற்றைக் கிற்றில் எடுத்து வாசித்தல் வேண்டும். ஐந்தாண்டின் முன் ஒருநாள் இரவு ஒரு வங்கியின் கணக்குப் பிழைத்ததும், அதனைச் சீராக்க அவ்வரி சேர்ந்ததும் அங்கே வெளிப்படுதல் கூடும். வரிக்கு உரியவர் யார் என்று காட்டும் கட்டளைக்குப் 'பிளேம்', அதாவது பழி, என்று பெயரிட்டிருப்பதுதான் எமக்கு உவப்பாயில்லை. 'உரிமை' என்று வைத்திருக்கலாம்.

"இஃதெல்லாம் பழங்கதை; இப்போது இயந்திரமே எழுதுகின்றதே" என்பார் உளர். மெய்தான். 2021ஆம் ஆண்டிற் கிற்ஹப் கோபைலற் என்னும் உதவிக்கருவி வெளிவந்தது. 2022 நவம்பரிற் சற்ஜிபிரி பொதுமக்கள் கைக்கு வந்தது. வேண்டியதைச் சொன்னால் நூறு வரியை நொடிப்பொழுதில் அவை எழுதித் தருகின்றன. ஆதலின் தொடக்கநிலை உத்தியோகமே இனி இராது என்று அஞ்சுவாரும், ஆதலின் ஒன்றுங் கல்லாமலே உத்தியோகம் பார்க்கலாம் என்று மகிழ்வாரும் நம்மிடையே இருக்கின்றனர். இரு சாராரும் ஒன்றை நோக்கிலர். இயந்திரத்தால் மலிந்தது எழுத்து, வாசிப்பு மலியவில்லை. எழுதப்படுவது பெருகப் பெருக, அதனை வாசித்துத் தகவும் தகாமையும் காண்பாரின் தேவையும் பெருகுமன்றோ?

இளைஞன் தான் எழுதியதை மூத்தவர் பார்வைக்கு ஒப்படைக்கும் வழக்கம் அவ்விடங்களில் உண்டு. கோட் ரிவியூ என்பர். "இவ்வரி ஏன்?" என்று மூத்தவர் வினாவுமிடத்து, "சற்ஜிபிரி தந்தது" என்று விடையிறுத்தல், ரியூசன் நோட்ஸை மனனஞ் செய்தவன் பரீட்சை மண்டபத்தில் வினா சிறிது திரும்பியதும் விழிப்பதை ஒக்கும். யாம் எம் மாணவர்க்குக் கூறுவது ஒன்று: உரை சொல்ல இயலாத ஒரு வரியையும் உம் பெயரால் ஒப்படையாதீர். வரி வரியாக என்ன நிகழ்கின்றது என்பது பதவுரை. முழுமையும் சேர்ந்து என்ன செய்கின்றது என்பது பொழிப்புரை. வேறுவகையாலன்றி ஏன் இவ்வகையாற் செய்யப்பட்டது என்பது விசேடவுரை. இம்மூன்றும் வாயில் வருமாயின், அதனை எழுதியது கையாயினும் இயந்திரமாயினும் கேடில்லை. இயந்திரத்தை வாசிப்புக்குத் துணையாகக் கொள்ளலும் நன்றே. விளங்காத பகுதியைக் காட்டி விளக்கங் கேட்கலாம். ஆயின் அது மெய்யையும் பொய்யையும் ஒரே முகத்துடன் உரைக்கும். கூறியதை ஓட்டிப்பார்த்து உறுதிசெய்யாமல் ஏற்றல் ஆகாது. நிறுவனத்தின் கோட்டை வெளி இயந்திரத்துக்குக் காட்டுவதற்கு அனுமதி உண்டோ என்பதையும் முதலிலே கேட்டறிதல் வேண்டும்.

கேட்டறிதல் என்றேம். நம் இளைஞர் தடுக்கி விழுமிடம் இதுவே.

எம் மாணவன் ஒருவன் கணிதத்தில் மிக வல்லவன். கல்லூரியிற் பரிசில் பல பெற்றவன். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்கு அமர்த்தப்பட்டான். நிறுவனத்தின் மென்பொருளைத் தன் கணினியில் இயங்கச்செய்தலே முதல் வேலை. ஏதோவொரு கடவுச்சொல் இல்லாமையால் அஃது இயங்கிற்றில்லை. "இதுகூடத் தெரியாதா" என்பர் என அஞ்சி ஒன்பது நாள் தானே முயன்றான். நாடோறுங் காலையில் யாவரும் நின்றவாறு கூடி, நேற்றுச் செய்ததையும் இன்று செய்யவிருப்பதையும் தடைகளையும் கூறுங் கூட்டமொன்று அங்கு உண்டு. ஸ்ராண்ட்-அப் என்பது அதன் பெயர். தடையைச் சொல்வதற்கென்றே அமைந்த அக்கூட்டத்தில், ஒன்பது நாளும் அவன் கூறியது "நடந்துகொண்டிருக்கிறது" என்னும் ஒரே வாக்கியம். கடவுச்சொல்லை வைத்திருந்தவர் அவனுக்கு இரண்டு மேசைக்கு அப்பால் இருந்தார். பின் வந்த மாதங்களும் அவ்வாறே கழிந்தன. ஆறு மாத முடிவில் அவனுடைய நியமனம் உறுதிசெய்யப்படவில்லை. அவன் தாயார் எம் வீட்டு விறாந்தையிலிருந்து அழுதது இன்றும் எம் செவியில் உள்ளது. ஒரு வருடம் வீட்டோடிருந்து, பின்னரே வேறோரிடத்தில் அமர்ந்தான்.

அவனிடம் அறிவு குறைவென்று எவருஞ் சொல்லார். அந்நிறுவனத்தார்மீதும் குறையுண்டு, ஒன்பது நாளாக ஒரே வாக்கியத்தைக் கூறும் இளைஞனை அழைத்து "என்ன தம்பி?" என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனினும் வினாவுபவன் மொக்கன் என்னும் எண்ணம் நம் ஊரில் எங்கிருந்து வந்ததோ அறியேம். வீட்டில் வினாவுபவன் வாய்க்காரன். ரியூசன் கொட்டிலில் முந்நூறு பேருக்கு நடுவில் வினாவுவதற்கு இடமேயில்லை. பதினெட்டாண்டு இவ்வாறு வளர்ந்தவன் பத்தொன்பதாம் ஆண்டிலும் வாய்திறவான். இருபத்தைந்தாம் ஆண்டில், சம்பளந் தருவார் முன், திறப்பனோ?

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகைப்படுத்தினார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. தரம் பத்தில் இதனைப் புள்ளிக்காகப் படித்து மறந்துவிடுகின்றனர். புதிதாய் உத்தியோகம் ஏற்றவனுக்கு இதிற் பெரும்பயன் உண்டு. "சேர், இது இயங்குதில்லை, என்ன செய்ய?" என்பது வெறும் அறியாவினா. கேட்கப்படுபவர் தம் வேலையை நிறுத்தி, தொடக்கத்திலிருந்து யாவற்றையுந் தாமே ஆராய்தல் வேண்டும். ஆதலின் முகஞ் சுளிப்பர். "இக்கட்டளையை இட்டேன், இவ்விடை வருமென எதிர்பார்த்தேன், இப்பிழை வந்தது, கடவுச்சொல் பிழையோ, எனக்கு அனுமதி இல்லையோ?" என்பது ஐயவினா. அதற்கு விடையிறுக்க அரை நிமிடம் போதும். அறியாவினாவை ஐயவினாவாக மாற்றுதற்கு வேண்டிய அளவு முயற்சியே ஒருவன் தனியே முயலவேண்டிய முயற்சியின் எல்லை என்பது எம் கருத்து. சிறு பணிக்கு அது ஒரு மணி நேரமாகலாம். பெரியதற்கு அரை நாளாகலாம். ஒன்பது நாள் ஒருபோதும் ஆகாது. மாற்றியபின் வினாவாதிருத்தல் பணிவன்று. நிறுவனத்தின் நேரத்தை வீணாக்குதலேயாம்.

பவணந்தியார் பொதுப்பாயிரத்திற் கூறியதொன்றும் இங்கு வேண்டப்படும். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டவனுக்குங் கல்வி காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அவர் கணக்கு. பல்கலைக்கழகப் பட்டம் முதற் காற்பங்கு என்று கொண்டால், மற்றைய முக்காலும் உத்தியோகத்திலேதான் உளது. கோட் ரிவியூவில் மூத்தவர் இருபது குறை காட்டினார் என்று வாடிப்போய் வருவாரை யாம் கண்டிருக்கின்றேம். அவை அவமதிப்பு அல்ல. இரண்டாங் காற்பங்கு சம்பளத்தோடு கிடைக்கின்றது. பிறர்க்கு எடுத்துரைத்தற்கோ பல்லாண்டு காத்திருக்க வேண்டா. புதியவர்க்கு வழிகாட்டும் குறிப்பேடு ஒன்று எந்நிறுவனத்திலும் இருக்கும்; பெரும்பாலும் பழையதாகவும் குறையுடையதாகவுமே இருக்கும். அதிலே என்ன இல்லை என்பது பழையவர் கண்ணுக்குத் தோன்றாது. புதியவன் கண்ணுக்கே தோன்றும். மேற்கூறிய இளைஞன் கடவுச்சொல்லை யாரிடம் பெறவேண்டும் என்னும் ஒரு வரியை அவ்வேட்டிற் சேர்த்திருப்பின், அதுவே அவனுடைய முதல் தொண்டாக இருந்திருக்கும்.

ஆங்கிலம் பற்றியும் ஒரு சொல். கூட்டத்தில் வாய்திறவாமைக்கு இதனையே பலர் காரணங் காட்டுகின்றனர். தமிழாசிரியர் ஆங்கிலத்துக்காகப் பேசுகின்றாரே என்று கடிந்துகொள்ளற்க. தமிழிற் செவ்வனே ஒரு வாக்கியத்தை அமைக்க வல்லவன் ஆங்கிலத்திலும் அமைக்க வல்லவனே. அவனைத் தடுப்பது மொழியன்று. நீண்ட, அலங்காரமான வாக்கியம் பேசினாலன்றி மதியார் என்னும் எண்ணமே. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று சிறு சிறு வாக்கியமாகப் பேசுக. அத்தொழிலில் அதுவே மதிக்கப்படும். தேநீர் வேளையிலோ சிங்களம் வேண்டும். சிங்கள நண்பர் நால்வர் சிரித்துப் பேசும் மேசையில் ஐந்தாமவனாய்த் தொலைபேசியை நோக்கியிருப்பவனுக்கு, அங்கே கைமாறும் தொழிற் செய்திகளும் எட்டா. தரம் ஆறிலிருந்து கற்பிக்கப்படும் இரண்டாம் மொழியைப் பரீட்சைக்கு வேண்டாத பாடம் என்று தள்ளிவிடும் பெற்றோர் இதனைக் கவனிப்பாராக.

பிழைவிடும் அச்சம் இன்னொன்று. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி, கிற்லாப் என்னும் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் ஒரு கணினியில் இடவேண்டிய அழித்தற் கட்டளையை வேறொன்றில் இட்டுவிட்டார். வாடிக்கையாளர்க்குரிய தரவுத்தளம் அழிந்தது. காப்புப்பிரதிகளை நாடியபோது பல வழிகளும் பயன்படவில்லை. ஆறு மணி நேரத்தின் முன் தற்செயலாய் எடுத்துவைத்த பிரதியொன்றே காத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துத் தரவுகள் போயின. அந்நிறுவனத்தார் செய்தது வியக்கத்தக்கது. மீட்புப் பணியை உலகம் பார்க்க வெளிப்படையாகவே நடத்தினர். பின்னர் வெளியிட்ட அறிக்கையில் அப்பொறியியலாளர் பெயரைச் சொல்லாது, ஒருவர் கைதவறினால் யாவும் அழியக்கூடியவாறு தம் ஒழுங்குமுறை அமைந்திருந்தது ஏன் என்பதையே ஆராய்ந்தனர். எல்லா நிறுவனமும் இத்துணைப் பெருந்தன்மை உடையனவல்ல என்பதை யாம் அறிவேம். எனினும் முதல் ஆண்டில் நேரும் பிழையை மறைத்தல், பிழையினும் பன்மடங்கு கேடு தரும். அழிந்ததை முதல் ஐந்து நிமிடத்திற் சொன்னால் மீட்கலாம். மறுநாட் சொன்னால் மீட்டல் அரிது.

நிறுவனங்களில் இப்போது தலைமைப் பதவி வகிக்கும் நம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஊர்ப் பிள்ளை ஒருவன் உங்கள் பகுதிக்கு வந்துசேர்ந்தால், வேலைபெற்றுக் கொடுத்ததோடு உங்கள் கடன் தீர்ந்துவிட்டதென்று எண்ணற்க. முதல் மாதத்தில் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் அவன் அருகில் அமர்ந்து, ஒரு பகுதியைச் சேர்ந்து வாசியுங்கள். அவன் கேட்கும் முதல் வினாவுக்கு நீங்கள் காட்டும் முகமே, அவன் இரண்டாவது வினாவைக் கேட்பானோ என்பதைத் தீர்மானிக்கும். பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளையார், முதல் ஆறு மாதத்தில் இருக்கும் இளைஞர் தயங்காது தொலைபேசியில் அழைக்கத்தக்க பத்துப்பேரின் பெயர்ப்பட்டியல் ஒன்றை ஆக்கிவைப்பாராயின் பெரிதும் உதவும். இதற்கு நிதி வேண்டா.

கல்லூரிக்குள்ளும் ஒன்று செய்யலாம். சகானாவின் கோட் யாவரும் வாசிக்கத் திறந்து கிடக்கின்றது என்றேம். நம் மாணவர்க்கு ஆழிப்பேரலை பாட்டன் பாட்டி வாயிற் கேட்ட கதை. அக்கதையோடு தொடர்புடைய செய்நிரலொன்றை வாசிக்க அவர்க்கு ஆர்வம் பிறத்தல் இயல்பு. மாதம் ஒருமுறை நம் கணினி அறையில் அதன் ஒரு பகுதியைத் திரையிலிட்டு, பழைய மாணவர் ஒருவர் உடனிருக்க, தரம் பதினொன்று மாணவர் கூடி வாசிக்கலாம். யாழ்ப்பாண நகரிலேயே இத்தொழில் புரிவோர் நேரில் வரலாம். கொழும்பிலுள்ளோர் காணொளி வழியாற் சேரலாம். எழுதுதல் ஒன்றும் வேண்டா. மாணவன் ஒவ்வொருவனும் ஓர் ஐயவினாவேனும் கேட்டல் வேண்டும் என்பதே விதி. சனிக்கிழமை என்றால் ரியூசன் குறுக்கிடும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையே ஏற்றது. நேரசூசியில் அவ்வேளை தமிழுக்கு உரியது. கணினி ஆசிரியர் கேட்பாராயின் யாம் மறுக்கமாட்டேம்.